முன்னிலை

புந்தா அரேனாஸில் காற்று கடுத்தால்
நகராட்சி ஆட்கள் தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
நடப்பவர் பிடித்துக்கொள்ள.
அப்படியொரு கயிற்றைப் பிடித்தபடிதான்
முதல் வியாழன் அந்த வீட்டுக்குப் போனேன்.

மதியம் இரண்டு முதல் ஐந்து வரை.
மிர்கோவின் பக்கத்தில் நான் உட்கார்ந்தால்
எடெல்மிரா வெளியே போகலாம்.
என் வேலை அவ்வளவுதான்.

போகத் தெரியவில்லை அவளுக்கு.
கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே
சொல்லிக்கொண்டிருந்தாள்:
தண்ணீரைக் கெட்டியாக்கும் மாவு
நீலக் கரண்டியில் ஒன்றரை.
இடது கை எங்கே கிடக்கிறதென்று
நீங்கள்தான் பார்க்க வேண்டும், அவருக்குத் தெரியாது.
ஆமா என்றால் ஆமா இல்லை.
இரண்டு முறை ஆமா என்றால்தான் ஆமா.
இருபத்தைந்து நிமிடம் போனது.
வாசல் தாண்டியவள் ஏழே நிமிடத்தில் திரும்பினாள்,
சாவியை மறந்துவிட்டேன் என்று.
சாவி கையில் இருந்தது.

இரண்டாம் வியாழன்
சன்னல் வழியே பார்த்தேன்.
எதிர்ச்சாரியில் நிறுத்திய காருக்குள்
இருக்கையைச் சாய்த்து
வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.
காற்று அந்தப் பழைய வண்டியைத்
தூளிபோல ஆட்டிக்கொண்டிருந்தது.
மிர்கோவிடம் சொல்லவில்லை.
கப்பல் பட்டறையில் இரும்பைப் பற்றவைத்த கண்கள்
என் பார்வை போன திசையை எட்டிப் பார்த்தன.
ஆமா, என்றார். ஆமா.

மருத்துவர் கேட்கிறார்: எப்படி இருக்கிறார்?
ரொட்டிக்கடையில் சில்லறையோடு சேர்த்துக் கேட்கிறார்கள்.
சாந்தியாகோவிலிருந்து ஞாயிறுதோறும்
மகள் கேட்கிறாள்: அப்பா எப்படி?
எல்லாக் கேள்வியும் படர்க்கையில்.
பதிலும் அப்படியே பழகிவிட்டது அவளுக்கு:
சாப்பிட்டார். தூங்கினார். இன்று மூன்றடி நடந்தார்.
மூன்றாம் வியாழன் கேட்டேன்,
நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?
'ராத்திரி கொஞ்சம் இருமினார்' என்றாள்.

நான் திருத்தவில்லை.
என் அண்ணனோடு ஆறு வருடம் இருந்தவள் நான்.
எனக்கும் தன்மை ஒருமை மறந்துபோயிருந்தது.
நான் என்று தொடங்குவேன்,
வினைமுற்று 'ஆர்' என்றே போய் முடியும்.

அவளைப் புனிதவதி என்பார்கள் அண்டைவீட்டார்.
சொல்லிவிட்டு
அவரவர் கதவைச் சாத்திக்கொள்வார்கள், குளிர் அல்லவா.
புனிதவதிக்குப் பல் வலிக்காது.

நான்காம் வியாழன்
ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்க வந்தாள்,
கன்னம் வீங்கி, பஞ்சைக் கடித்தபடி.
பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்து
மேசைமேல் பிரித்தாள்.
கடைவாய்ப் பல்.
கிராம்பும் மாத்திரையும் தந்து
பதினொரு மாதம் ஒத்திப்போட்ட பல்.
மிர்கோ வலது கையால் அதை எடுத்து
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
பற்றுவைத்த இடத்தில் விரிசல் தேடுபவர்போல.
பிறகு அந்தக் கை
அவள் கன்னத்தை நோக்கிக் கிளம்பியது.
பாதி வழியில் நின்றுவிட்டது.
மீதி வழியை அவள் குனிந்து கடந்தாள்.

'வலிக்குது' என்றாள் பஞ்சுக்கு நடுவே.
'எனக்கு வலிக்குது.'

ஆமா, என்றார் மிர்கோ.
கெட்டித் தண்ணீரை விழுங்குவதுபோல
வெகுநேரம் எடுத்துக்கொண்டு
இன்னொரு முறை,
ஆமா.

நான் கோட்டை மாட்டிக்கொண்டேன்.
வாசல்வரை வந்தவள்
அடுத்த வாரம் நான்கு மணி நேரம் கிடைக்குமா என்றாள்,
கடன் கேட்பவள்போல் தரையைப் பார்த்து.
கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

படிவத்தில்
'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது.
பேருந்தில் மடிமேல் வைத்து
மற்றதையெல்லாம் நிரப்பினேன்.
அதை மட்டும்
வெறுமனே விட்டேன், அவளுக்காக.